ஓடாத குதிரையின் குளம்படி

பினாங்கு சௌராஸ்தா சந்தையின் மேல்தளத்தில் பழைய புத்தகக் கடைகள் இருக்கின்றன. பள்ளிப் பாடநூல்கள், மலாய் இதழ்கள், மூலை மடிந்த ஆங்கில நாவல்கள் என்று ஆளுயரத்துக்கு அடுக்கியிருப்பார்கள். அந்த அடுக்குகளில் கௌபாய் நாவல்களை அட்டையைப் பார்த்தே பிரித்தெடுத்துவிடலாம்: புழுதி, தொப்பி, துப்பாக்கி, பாய்ந்துவரும் ஒரு குதிரை. இந்த வகையில் எழுதிக் குவித்தவர்களில் ஒருவர் ஜே. டி. எட்சன். எழுதியவை மொத்தம் 137 புத்தகங்கள். டெக்சாஸ் மாட்டுக்காரர்களைப் பற்றி அத்தனை பக்கங்கள் எழுதிய அவர் ஓர் ஆங்கிலேயர்.

1928-ல் இங்கிலாந்தின் நிலக்கரிச் சுரங்கப் பகுதியில் பிறந்தவர். பதினான்கு வயதில் பள்ளியை விட்டுக் கல்குவாரிக்குப் போனார். பதினெட்டில் ராணுவம், அங்கே நாய்களைப் பழக்கும் வேலை. முகாமில் அடைந்து கிடந்த பொழுதையெல்லாம் சாகச நாவல்களிலும் கௌபாய் படங்களிலும் கழித்தார். ஹாங்காங்கில் பணியில் இருந்தபோது ஒரு தட்டச்சுப் பொறி கைக்கு வந்தது. கதைகள் பெருகத் தொடங்கின. 'டிரெயில் பாஸ்' என்ற நாவல் ஒரு போட்டியில் இரண்டாம் பரிசு பெற்று 1961-ல் அச்சேறியது.

நாவல்கள் வரத் தொடங்கிய அதே காலத்தில் இன்னொரு வேலையும் செய்தார். 'விக்டர்' என்ற சிறுவர் இதழில் வந்த சித்திரக்கதைகளுக்கு, படத்தின் மூலையில் பெட்டிக்குள் வரும் வாசகங்களை எழுதிக் கொடுத்தார். குறைந்த சொல்லில் நிறைந்த செய்தியைச் சொல்லும் ஒழுக்கம் அந்தப் பெட்டிகளில்தான் தனக்குக் கைவந்தது என்பது அவர் கருத்து. எட்சனின் வாழ்க்கையில் என்னை அதிகம் நிறுத்தி யோசிக்க வைப்பது இந்த வேலைதான். பெட்டிக்குள் பத்துச் சொல் எழுதியவருக்கு இருநூறு பக்கம் எழுத எப்படி வந்தது? விடை எழுத்தாளரிடம் பாதிதான் இருக்கிறது. மீதி, வாசிப்பவரின் கண்ணிலும் மூளையிலும் இருக்கிறது.

முதலில் கண். ஒரு பக்கம் முழுவதையும் ஒரே நேரத்தில் தெளிவாகப் பார்ப்பதாக நமக்குத் தோன்றுகிறது. உண்மையில் கூர்மையாகத் தெரிவது, கையை நீட்டிப் பிடித்தால் கட்டைவிரல் நகம் மறைக்கும் அளவுக்குச் சற்றே கூடுதலான பரப்புதான். அந்தச் சிறு வட்டத்தை வைத்துக்கொண்டு கண் வினாடிக்கு மூன்று நான்கு முறை தாவுகிறது. தாவும் நேரத்தில் வரும் காட்சியை மூளை பெரும்பாலும் அடக்கிவிடுகிறது. ஆக, எந்தப் பக்கத்தைப் படித்தாலும் நமக்குக் கிடைப்பவை துண்டுகள். துண்டுகளை ஒட்டி முழுக்காட்சி ஆக்கும் வேலை ஓயாமல் உள்ளே நடந்துகொண்டே இருக்கிறது.

சித்திரக்கதை இந்த வேலையைக் காகிதத்திலேயே விரித்து வைக்கிறது. முதல் கட்டத்தில் ஒருவன் துப்பாக்கியை உருவுகிறான். அடுத்ததில் இன்னொருவன் தரையில் கிடக்கிறான். தோட்டா பாய்ந்ததை ஓவியர் வரையவே இல்லை. அது பாய்ந்தது இரண்டு கட்டங்களுக்கு நடுவே உள்ள வெள்ளைச் சந்தில், சுட்டது நாம். ஸ்காட் மெக்ளவுட் என்ற அமெரிக்கச் சித்திரக்கதையாளர் 1993-ல் வெளிவந்த தம் 'அண்டர்ஸ்டாண்டிங் காமிக்ஸ்' நூலில் இந்த இடைவெளியைத்தான் இக்கலையின் இதயமாக வைத்தார்.

இதை ஆய்வகத்திலும் பார்த்தார்கள். நீல் கோன் என்ற அறிவியலாளரும் அவருடைய கூட்டாளிகளும் 'பீநட்ஸ்' என்ற சித்திரக்கதையின் கட்டங்களைச் சிலருக்கு ஒழுங்கான வரிசையிலும், சிலமுறை குலைத்தும் காட்டி மூளையின் மின்னலைகளைப் பதிவுசெய்தார்கள். முடிவு 2012-ல் வெளிவந்தது. பொருந்தாத சொல் ஒன்றை வாக்கியத்தில் சந்தித்தால், சுமார் 400 மில்லி வினாடியில் மூளையில் ஓர் அலை எழும். பொருந்தாத கட்டங்களுக்கும் அதே வகை அலை எழுந்தது. கதை ஒழுங்காக நகர நகர அந்த அலை சிறுத்துக்கொண்டே வந்தது. படத்தொடரையும் வாக்கியத்தையும் மூளை அடுத்தது என்ன என்று ஊகித்தபடியே படிக்கிறது. ஊகம் பலித்தால் அதன் உழைப்பு குறைகிறது.

இனி நாவல் அட்டையில் பாய்ந்துவந்த அந்தக் குதிரைக்கு வருவோம். 1878-ல் கலிஃபோர்னியாவின் பாலோ ஆல்ட்டோவில் எட்வர்ட் மைபிரிட்ஜ் ஓடுபாதை ஓரமாகப் பன்னிரண்டு கேமராக்களை வரிசையாக நிறுத்தி, நாலுகால் பாய்ச்சலில் போன குதிரையைப் படம் பிடித்தார். ஒரு கணத்தில் நான்கு குளம்புகளும் தரையை விட்டு எழுகின்றன என்பது உறுதியானது. ஆனால் ஓவியர்கள் காலங்காலமாக வரைந்ததுபோல் கால்களை முன்னும் பின்னும் நீட்டியபடி அல்ல, வயிற்றுக்கடியில் மடக்கியபடி. உண்மை தெரிந்த பிறகும், கால் நீட்டிய அந்தப் பழைய குதிரை அட்டைப்படங்களை விட்டுப் போகவில்லை. மடங்கிய கால்களைவிட நீட்டிய கால்களே நம் கண்ணுக்கு வேகமாகப் படுகின்றன.

அசையாத கோடு எப்படி வேகமாகப் படுகிறது? ஸோயி கோர்ட்சியும் நான்சி கன்விஷரும் 2000-ல் இதற்கு ஒரு விடை தந்தார்கள். மூளையின் பின்பகுதியில் அசைவைக் கவனிப்பதற்கென்றே ஒரு பகுதி உண்டு. ஓடும் நிலையில் உறைந்த ஒருவரின் நிழற்படத்தைக் காட்டினால், சும்மா நிற்பவரின் படத்தைக் காட்டுவதைவிட அந்தப் பகுதி அதிகம் தூண்டப்படுகிறது. நின்றுபோன படத்தில் குதிரையை ஓட்டுவது நம் நரம்புகள்! முதல்முறை இதை அறிந்தபோது எனக்கு உடல் சிலிர்த்தது. சிறுவயதில் படித்த ஒவ்வொரு துரத்தலும் எனக்குள்ளேதான் ஓடியிருக்கிறது.

படமே இல்லாத நாவலில்? 2009-ல் நிக்கோல் ஸ்பியரும் ஜெஃப்ரி சாக்ஸும் மற்றவர்களும் வெளியிட்ட ஆய்வில், கதை படிப்பவர்களின் மூளையை வாக்கியத்துக்கு வாக்கியம் கவனித்தார்கள். பாத்திரம் ஒரு பொருளைக் கையில் எடுத்தால், கைகள் பிடிக்கும்போது வேலை செய்யும் பகுதிகள் தூண்டப்பட்டன. பாத்திரம் இடம் மாறினால், இடத்தை உணரும் பகுதிகள். எழுத்தும் உடம்பைத்தான் தொடுகிறது, வேறு வாசல் வழியாக.

ஆனால் நாவல் எழுதுபவருக்கு ஓர் இடர் உண்டு. மனம் ஒரே நேரத்தில் ஏந்தக்கூடியவை ஏறக்குறைய நான்கு விஷயங்கள்தான் என்று நெல்சன் கோவன் 2001-ல் கணக்கிட்டார். மதுக்கடையின் கதவு, விளக்கு, நாற்காலி, மீசை, பித்தளைப் பொத்தான் என்றெல்லாம் ஒன்பது விவரங்களை அடுக்கினால் வாசகரின் மனத்தில் படமே விழாமல் போகும். பெட்டி வாசகம் எழுதிப் பழகியவருக்கு இது தசையிலேயே ஊறியிருக்கும். படத்தில் தெரிவதை அவர் எழுதக்கூடாது. கோட்டால் வரைய முடியாததை மட்டும் எழுத வேண்டும்: மூன்று நாள் கழிந்ததை, காரணத்தை, வாசனையை, ஒருவன் மனத்தில் வைத்திருக்கும் கணக்கை. 'குதிரை வியர்த்திருந்தது. சேணத்தில் ஆளில்லை.' இப்படி இரண்டு வரி எழுதினால் போதும். என்ன நடந்தது என்ற இடைவெளியை வாசகர் நிரப்பிக்கொள்வார். பெட்டியிலிருந்து நாவலுக்குப் போகும் எழுத்தாளர் புதிய தொழில் கற்கவில்லை. எந்த இடைவெளியை விட வேண்டும் என்ற பழைய அறிவையே பெரிய வெளியில் பயன்படுத்துகிறார்.

எதிர்த்திசையில் போனவர் ஜான் லூயிஜி பொனெல்லி. 1908-ல் மிலானில் பிறந்து நாவல்கள் எழுதிக்கொண்டிருந்த அவர், ஓவியர் ஆரேலியோ கல்லெப்பினியோடு சேர்ந்து 1948-ல் டெக்ஸ் வில்லர் என்ற கௌபாய்ச் சித்திரக்கதை நாயகனைப் படைத்தார். காமிக்ஸுக்கு இரவல் கொடுக்கப்பட்டுத் திரும்பி வராமலே போன நாவலாசிரியன் என்று தம்மைச் சொல்லிக்கொள்வார். கதை நடக்கும் அரிசோனாவைப் பார்க்காமலே அவர் எழுதினார். கல்லெப்பினி தாம் வளர்ந்த சார்டீனியத் தீவின் பாறைகளைப் பார்த்து வரைந்தார். சித்திரக்கதைக்கு எழுதுவதில் ஒரு வினோதம் உண்டு. கட்டத்துக்குக் கட்டம் எழுதப்படும் அந்த விவரணைக்கு முதல் வாசகர் ஓவியர் மட்டுமே. ஒருவருக்காக எழுதிய உரைநடை, படமாகி லட்சம் பேரிடம் போகிறது.

அப்படிப் போய்ச் சேர்ந்த ஊர்களில் சிவகாசியும் ஒன்று. 1972-ல் முத்து காமிக்ஸ் அங்கே தொடங்கியது, 1984-ல் எஸ். விஜயன் லயன் காமிக்ஸைத் தொடங்கினார். அடுத்த ஆண்டே 'தலைவாங்கிக் குரங்கு' மூலம் டெக்ஸ் தமிழ் பேசினார். இத்தாலியர் கற்பனை செய்த அமெரிக்காவைக் கந்தக பூமியில் அச்சடித்துத் தமிழ்ப் பிள்ளைகள் படித்தார்கள். நாவல் எழுதவில்லை என்றாலும் எட்சனுக்கு இணையாக நம்மிடம் சொல்ல ஒருவர் உண்டு: ஆனந்த விகடனில் கார்ட்டூனிஸ்டாக இருந்த சிம்புதேவன். 'இம்சை அரசன் 23-ம் புலிகேசி'யை 2006-ல் இயக்கியவர், 2010-ல் 'இரும்புக்கோட்டை முரட்டுச் சிங்கம்' என்ற முழுநீளக் கௌபாய்ப் படத்தையே எடுத்தார். எழுபதுகளில் இயக்குநர் கர்ணனும் ஜெய்சங்கரும் 'கங்கா', 'ஜக்கம்மா' என்று ஓட்டிய குதிரைகளின் வழியில் வந்த படம் அது. கட்டம் கட்டமாக யோசித்துப் பழகிய கண், தொப்பிகளையும் மர வீடுகளையும் தமிழ்நாட்டு வெயிலில் கூசாமல் கொண்டுவந்து நிறுத்திய துணிச்சல் எனக்கு மிகவும் பிடிக்கும்.

வீட்டில் பழைய டெக்ஸ் கதை ஒன்று இருந்தால் இதைச் செய்து பாருங்கள். ஒரு பக்கத்தின் வாசகங்களை எல்லாம் துண்டுக் காகிதத்தால் மூடிவிட்டுப் படங்களை மட்டும் பாருங்கள். அடுத்த பக்கத்தில் படங்களை மூடி வாசகங்களை மட்டும் படியுங்கள். முதல் பக்கத்தில் யார் யாரைத் துரத்துகிறார் என்பது தெரியும், ஏன் என்பது தெரியாது. இரண்டாவதில் ஏன் என்பது தெரியும். கூடவே, மூடிய காகிதத்துக்குப் பின்னால் என்ன வரைந்திருக்கும் என்று உங்கள் மனம் தானாக வரையத் தொடங்கும். காகிதத்தை எடுத்து, நீங்கள் வரைந்ததையும் ஓவியர் வரைந்ததையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பாருங்கள்.