வெயிலில் நின்ற காரும் ஒடிந்த வென்ட்டும்

சென்னையை ஒட்டிய மாடம்பாக்கம், ராஜகீழ்ப்பாக்கம், சேலையூர் பக்கம் கார் வைத்திருக்கும் பலருக்குத் தெருதான் ஷெட். அடுக்குமாடியில் வீட்டுக்கு ஒரு கார் நிறுத்த இடம் கிடைத்தாலே பெரிது. மற்ற வண்டிகள் வேப்பமர நிழலுக்கு அலையும், கிடைக்காவிட்டால் வெயிலில் காயும். அப்படிக் காய்ந்த காரில் எஞ்சின் ஒரு குறையும் இல்லாமல் ஓடிக்கொண்டிருக்கும்போதே, ஏசி வென்ட்டில் ஒரு பிளேடு தொங்க ஆரம்பிக்கிறது. முகத்துக்கு வரவேண்டிய குளிர்காற்று கூரையைப் பார்த்துப் போகிறது.

அந்தக் குட்டி பிளாஸ்டிக் படும் பாடு கொஞ்சமல்ல. அமெரிக்காவின் அரிசோனாவில் உள்ள டெம்பி நகரில் வெயிலில் கார்களை நிறுத்தி அளந்த ஓர் ஆய்வு 2018இல் வெளியானது. ஒரு மணி நேரத்தில் காருக்குள் காற்று சராசரியாக 47 டிகிரி செல்சியஸைத் தொட்டது. டேஷ்போர்டு 69 டிகிரி! நிழலில் நின்ற கார்களிலேயே அது 48. டெம்பி பாலைவன ஊர்தான். ஆனால் சென்னை நுங்கம்பாக்கத்திலும் 2003 மே 31 அன்று 45 டிகிரி பதிவானதை மறந்துவிட வேண்டாம். இப்படிக் கொதித்த டேஷ்போர்டில் ஏசியைப் போட்டால், பத்து டிகிரியை ஒட்டிய காற்று அதே வென்ட் வழியாகத்தான் வரும். டேஷ்போர்டுகளில் சகஜமாகப் பயன்படும் ஏபிஎஸ் பிளாஸ்டிக்கில் 30 செ.மீ. துண்டு ஒன்று, 40 டிகிரி சூடேறினால் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் நீளும். குளிர்ந்தால் சுருங்கும். தினமும் இதே கதை.

வென்ட்டுக்குள் முன்னால் படுக்கைவாட்டில் ஒரு வரிசை பிளேடு, பின்னால் செங்குத்தாக ஒரு வரிசை. ஒரு வரிசையிலுள்ள பிளேடுகள் சேர்ந்து ஆட, மெல்லிய இணைப்புத் தண்டு. விரல் பிடிக்க ஒரு குமிழ். காற்றை மூடித் திறக்க ஓரத்தில் ஒரு சக்கரம். ஒவ்வொரு பிளேடின் இரு முனையிலும் அரிசி நுனி அளவுக்கு ஒரு பின் இருக்கும். பெரும்பாலும் ஒடிவது அதுதான். ஏபிஎஸ் அடிதாங்குவதற்குக் காரணம் அதில் கலந்துள்ள பியூட்டாடையீன் ரப்பர் துகள்கள். வெப்பம், புற ஊதாக் கதிர், ஆக்சிஜன் மூன்றும் கூட்டணி சேர்ந்து முதலில் அந்த ரப்பரைத்தான் தாக்கும். ரப்பர் இறுகிவிட்டால், வளைய வேண்டிய இடத்தில் பிளாஸ்டிக் முறியும்.

மிச்ச வேலையைச் செய்வது நாம். செல்போன் ஸ்டாண்டின் முழு எடையையும் பிளேடில் தொங்கவிடுகிறோம். பக்கத்திலேயே பெர்ஃப்யூம் பாட்டில். எலுமிச்சை, ஆரஞ்சு வாசனைகளில் இருக்கும் லிமோனீன் போன்ற எண்ணெய்கள், ஏற்கெனவே இழுபட்டு நிற்கும் பிளாஸ்டிக்கின் மூலக்கூறுச் சங்கிலிகளுக்கு நடுவே புகுந்து பிடியைத் தளர்த்தி, விரிசல் விடச் செய்யும். எடையும் எண்ணெயும் ஒரே இடத்தில் சேர்ந்தால் பின் எத்தனை நாள் தாங்கும்?

இந்த வென்ட்டுத் தொல்லை இல்லாத அம்பாசிடர், பத்மினி காலத்தில் முன்கதவின் முக்கோணக் கண்ணாடியைத் திருப்பினால் காற்று கொட்டும். டேஷ்போர்டு வழியாக வெளிக்காற்றை உள்ளே விட்டு, பின்பக்கத் துளைகள் வழியாக வெளியேற்றும் 'ஏரோஃப்ளோ' ஏற்பாட்டை 1964இல் பிரிட்டனில் தன் கார்ட்டினா காரில் பிரபலமாக்கியது ஃபோர்டு. அதே ஃபோர்டு மறைமலைநகர் ஆலையில் கார் தயாரிப்பை 2022இல் நிறுத்திக்கொண்டது. ஐகானும் ஃபிகோவும் இன்னும் ஜிஎஸ்டி ரோட்டில் ஓடுகின்றன. அவற்றுக்கும் வென்ட் ஒடியும்.

ஒடிந்த வென்ட்டைக் கழற்றுவதில் முதல் விதி, ஏசி போட்டு டேஷ்போர்டு சில்லிட்டிருக்கும்போது கை வைக்காதே என்பது. இளஞ்சூட்டில் பிளாஸ்டிக் வளைந்து கொடுக்கும், குளிரில் முறியும். ஓரங்களில் உள்ள உருண்டை வென்ட்டுகள் பல மாடல்களில் நேராக முன்னால் வந்துவிடும். நடு வென்ட்டுக்குப் பெரும்பாலும் ஸ்டீரியோவைச் சுற்றிய சட்டத்தையே எடுக்க வேண்டும். அதோடு ஹசார்டு சுவிட்ச் ஒயரும் வரும், வெடுக்கென்று இழுத்தால் அறுந்துபோகும். முன்னிருக்கைப் பயணிக்கும் ஏர்பேக் 2021இல் கட்டாயமானதால், புது வண்டிகளில் பேட்டரி ஒயரைக் கழற்றி, சில நிமிடம் விட்டுத்தான் தொட வேண்டும். மஞ்சள் கனெக்டர் தெரிந்தால் அது ஏர்பேக்குடையது, அந்தப் பக்கமே போகக்கூடாது. நெம்புவதற்கு பிளாஸ்டிக் பட்டை நல்லது. ஸ்க்ரூடிரைவர்தான் இருக்கிறது என்றால் நுனியில் துணி சுற்றிக்கொள்ளலாம். சில வென்ட்டுகளில் இரும்பு கிளிப் கழன்று டேஷ்போர்டுக்குள் விழுந்துவிடும். பிறகு ஸ்பீட் பிரேக்கர் ஏறும்போதெல்லாம் கடகடக்கும்.

சூப்பர் குளூ? பலரும் முதலில் தேடுவது அதைத்தான். அது ஏபிஎஸ்ஸில் பிடிக்கும், பாலிப்ரொப்பிலீனில் சுலபத்தில் பிடிக்காது. எந்த பிளாஸ்டிக் என்று பல பாகங்களின் முதுகில் பொறித்தே இருக்கும். ஒரு துளி கூடினாலும் பின் குழிக்குள் வழிந்து பிளேடு அசையாமல் இறுகிவிடும். கறுப்பு பிளாஸ்டிக்கில் வெள்ளை வெள்ளையாகப் பூத்தும் போகும்.

கம்பெனிகள் பொதுவாக ஒற்றை பிளேடைத் தனியாக விற்பதில்லை, முழு வென்ட்டாகத்தான் தருவார்கள். அரிசி நுனி அளவு ஒடிந்ததற்கு உள்ளங்கை அளவு வாங்கச் சொல்வது அநியாயம்தான். புதிது வேண்டுமென்றால் ஜி.பி. ரோடு, பழையது போதுமென்றால் புதுப்பேட்டை. ஒடிந்ததைக் கையோடு கொண்டுபோய், முதுகில் இருக்கும் பார்ட் நம்பரையும் இடது வலதையும் ஒத்துப் பார்த்து வாங்குவது உத்தமம். பார்வைக்கு ஒன்றாக இருக்கும் இரண்டு வென்ட்டுகளின் கிளிப்புகள் வேறு வேறு இடத்தில் இருக்கலாம்.

பழைய வென்ட்டில் ஒரு சங்கதி அடிக்கடி காணாமல் போயிருக்கும். காற்றுக் குழாயோடு சேரும் விளிம்பில் ஒட்டிய கறுப்புப் பஞ்சு. வருஷங்கள் போனால் பொடிப்பொடியாக உதிரும். புளோயரைக் கூட்டினால் மடியில் வந்து விழும் கறுப்புத் தூள்களில் சில, ஏசி பெட்டிக்குள் உதிர்ந்த இதே மாதிரி பஞ்சுதான். விளிம்பில் பஞ்சு இல்லாமல் வென்ட்டை மாட்டினால் குளிர்காற்று டேஷ்போர்டுக்குள்ளேயே கசியும். சென்னைப் புழுக்கத்துக்கு உள்ளே நீர் கோத்து ஒயர்களை நனைக்கவும் கூடும். ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் ஒட்டும் ஃபோம் டேப்பை நான்கு பக்கமும் ஒட்டிவிட்டு, இரண்டு பக்கமும் 'டக்' என்று கிளிப் விழும்வரை அழுத்த வேண்டும். ஒரு பக்கம் மட்டும் விழுந்திருந்தால் மறுபடி கழற்றித்தான் மாட்ட வேண்டும்.