பரிசோதனைக்குப் பிறகு என்ன?

கரும்பலகையை விட்டுப் பக்கத்துப் பிள்ளையின் கொப்பியைப் பார்த்து எழுதும் சிறுவனை, படிப்பு ஏறாதவன் என்று சொல்லிவிடுகிறோம். அவனுக்குக் கண் மங்கலாக இருக்கலாம். கூப்பிட்டும் திரும்பாத சிறுமிக்குக் காதில் சீழ் வடியலாம். மேசையில் தலைசாய்க்கும் பிள்ளைக்கு இரத்தச்சோகை இருக்கலாம். நேரத்தோடு பார்த்தால் பெரும்பாலும் தீரக்கூடியவை இவை. கவனியாமல் விட்டால் படிப்பே பாழாகும்.

பிள்ளையின் உரிமை

இலங்கை 1991இல் ஏற்றுக்கொண்ட சிறுவர் உரிமைகள் சமவாயத்தின் 24ஆம் உறுப்புரை, சுகாதார சேவையைப் பிள்ளையின் உரிமை என்கிறது. கல்முனை, மருதமுனை, சாய்ந்தமருது, நிந்தவூர்ப் பாடசாலைகளுக்கு அது சுகாதார வைத்திய அதிகாரி பணிமனை வழியாக வருகிறது. தரம் 1, 4, 7, 10 பிள்ளைகளுக்கு மருத்துவப் பரிசோதனை உண்டு. 200 பேருக்குக் குறைவான பாடசாலையில் எல்லோருக்கும் உண்டு. தரம் 6 பெண்பிள்ளைகளுக்குக் கருப்பைக் கழுத்துப் புற்றுநோயைத் தடுக்கும் எச்.பி.வி. தடுப்பூசி இரு தடவை போடப்படும். எதற்கும் ஒரு சதமும் கொடுக்கத் தேவையில்லை.

எங்கே தடைப்படுகிறது?

பரிசோதனையில் குறை தெரிந்தால் வைத்தியசாலைக்குத் துண்டு எழுதிக் கொடுப்பார்கள். அஷ்ரப் ஞாபகார்த்த வைத்தியசாலையிலும் கல்முனை வடக்கு ஆதார வைத்தியசாலையிலும் வைத்தியம் இலவசம்தான். ஆனால் கரைவலைக்குப் போகும் வாப்பாவுக்கு, கிளினிக்குக்குப் போனால் அன்றைய உழைப்பு இல்லை. உம்மா வெளிநாட்டில் இருக்க மூத்தம்மாவோடு வளரும் பிள்ளையைக் கூட்டிப்போக ஆளில்லை. கண்ணாடி வாங்கக் காசில்லை. துண்டு புத்தகப் பைக்குள்ளேயே கிடந்து கிழிகிறது.

நம் ஊர்களின் தர்மம் சேரவேண்டிய இடம் இதுதான். கண்ணாடி, காது கேட்கும் கருவி, பஸ் காசு, வாப்பா இழக்கும் நாட்கூலி ஆகியவற்றுக்குப் பள்ளிவாசல் ஸகாத் நிதியமும் பழைய மாணவர் சங்கமும் கைகொடுக்கலாம். வறிய பிள்ளைக்கு ஸகாத், பாடசாலைத் தண்ணீர்க் குழாய்க்கும் கழிப்பறைக்கும் ஸதகா என்று பிரித்துக்கொள்ள உலமாக்களிடம் ஆலோசனை கேளுங்கள்.

கவனம் தேவை

இலவச மருத்துவ முகாம் என்று யார் வந்தாலும், அதிபரும் சுகாதார வைத்திய அதிகாரியும் அறிந்திருக்கிறார்களா, வைத்தியர் இலங்கை மருத்துவ சபையில் பதிந்தவரா என்று கேளுங்கள். உதவி பெறும் பிள்ளையைப் படம்பிடித்து முகநூலில் போட விடாதீர்கள். பிள்ளையின் அந்தரங்கத்தைச் சமவாயத்தின் 16ஆம் உறுப்புரை காக்கிறது. படத்துக்கு மறுத்த குடும்பத்துக்கு உதவியை மறுப்பது அநியாயம்.

என்ன செய்யலாம்?

பரிசோதனை நடக்கவில்லையென்றால் முதலில் அதிபரிடமும் பொதுச் சுகாதார பரிசோதகரிடமும் கேளுங்கள். பதில் இல்லையென்றால் கல்முனைப் பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளருக்கு எழுதுங்கள். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழும் விபரம் கோரலாம். பிள்ளை துன்புறுத்தப்படுவதாகவோ கைவிடப்பட்டதாகவோ தெரிந்தால் 1929க்கு அழையுங்கள்; தமிழிலும் பேசலாம்.

அடுத்த பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் ஒரு கேள்வி கேளுங்கள்: துண்டு வாங்கிய பிள்ளைகளில் எத்தனை பேர் இன்னும் வைத்தியசாலைக்குப் போகவில்லை? பெயர் வேண்டாம், எண்ணிக்கை போதும். அவர்களை அனுப்பிவைக்கும் செலவை அந்தக் கூட்டத்திலேயே யாராவது பொறுப்பேற்கட்டும்.