ஒரு வருஷத்தில் டீச்சராக முடியுமா?

பணி ஓய்வு பெற்ற பிறகு என்னைத் தேடி வருபவர்கள் அதிகம் கேட்பது இதைத்தான். "டீச்சர், பி.காம். முடிச்சிருக்கேன். போடியில காய்க் கடையில கணக்கு எழுதுறேன். ஒரு வருஷ கோர்ஸ் ஏதாச்சும் படிச்சு ஒண்ணாங்கிளாஸ் டீச்சராக முடியுமா?" கம்பம், சின்னமனூர், தேவாரம், எந்த ஊரிலிருந்து வந்தாலும் கேள்வி இதுவே. பார்க்கும் வேலை மட்டும் ஆளுக்கு ஆள் மாறும். ஒருவர் ஆண்டிபட்டிப் பக்கம் நூல் மில்லில் சூப்பர்வைசர். இன்னொரு பெண் மருந்துக்கடையில் பில் போடுகிறவள்.

இன்றைய விதிப்படி முடியாது. ஒன்று முதல் ஐந்து வரை பாடம் எடுக்க, பிளஸ் டூவுக்குப் பின் இரண்டு ஆண்டு தொடக்கக் கல்விப் பட்டயம் படிக்க வேண்டும். நம் தேனி மாவட்டத்தில் அதற்கு உத்தமபாளையத்தில் 'டயட்' எனும் மாவட்ட ஆசிரியர் கல்வி, பயிற்சி நிறுவனம் இருக்கிறது. கையில் பட்டம் இருந்தாலும், பத்து வருஷம் வேலை பார்த்திருந்தாலும் அதே இரண்டு ஆண்டுதான், பதினேழு வயதுப் பிள்ளைகளோடு அதே பெஞ்சுதான். முடித்த பின் 'டெட்' எனும் ஆசிரியர் தகுதித் தேர்வின் முதல் தாள். குழந்தை வளர்ச்சியும் கற்பித்தலும், தமிழ், ஆங்கிலம், கணிதம், சூழ்நிலையியல் என ஒவ்வொன்றிலும் 30 கேள்வியாக மொத்தம் 150. அதில் தேறினாலும் அரசு வேலை உடனே வந்துவிடாது. நியமனத்துக்குத் தனியாகப் போட்டித் தேர்வு உண்டு என்று 2018-இல் அரசாணை 149 சொன்னது. இடைநிலை ஆசிரியர்களுக்கு அந்தத் தேர்வு முதன்முதலாக நடந்தது 2024 ஜூலை 21-ஆம் தேதி.

வயதைப் பற்றிக் கவலைப்படுகிறவர்களுக்கு ஒரு நல்ல செய்தியும் உண்டு. ஆசிரியர் நியமனத்துக்கான உச்ச வயதைப் பொதுப் பிரிவினருக்கு 53 என்றும், மற்றவர்களுக்கு 58 என்றும் 2023 அக்டோபரில் உயர்த்தினார்கள். நாற்பது வயதிலும் வேலைக்கு எடுக்கத் தயார் என்று அரசு சொல்லிவிட்டது. ஆனால் நாற்பது வயதுக்காரர் படித்துத் தயாராவதற்கு ஏற்ற ஒரு படிப்பை இன்னும் யாரும் ஏற்பாடு செய்யவில்லை. என் ஆதங்கம் இதுதான்.

குறுக்குவழிகள் வராமல் இல்லை. 2018 ஜூனில் தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம், பி.எட். படித்தவர்களும் தொடக்கப் பள்ளியில் சேரலாம், சேர்ந்து இரண்டு ஆண்டுக்குள் ஆறு மாத இணைப்புப் பயிற்சி முடித்தால் போதும் என்று அறிவித்தது. 2023 ஆகஸ்ட் 11-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் அதைச் செல்லாது என்றது. அதற்கு முன்பே, பயிற்சி இல்லாமல் பணியில் இருந்த ஆசிரியர்களுக்காக, பெரும்பாலும் தனியார் பள்ளிக்காரர்களுக்காக, தேசிய திறந்தநிலைப் பள்ளி நிறுவனம் 18 மாதத்தில் ஒரு பட்டயம் நடத்தியது. 2019 மார்ச் 31-க்குள் எல்லோரும் தகுதி பெற்றாக வேண்டும் என்று சட்டம் கெடு வைத்திருந்தது. நாடு முழுக்கப் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் 'ஸ்வயம்' இணையதளத்திலும் தொலைக்காட்சியிலும் பாடம் கேட்டார்கள். 2023 நவம்பரில் இன்னொரு வழக்கில் அந்தப் படிப்பும் இரண்டாண்டுப் பட்டயத்துக்குச் சமமல்ல என்று தீர்ப்பானது. பிறகு விளக்கம் அளித்து, ஏற்கெனவே பணியில் இருந்தபடி முடித்தவர்களுக்குக் கதவைத் திறந்தார்கள்.

பி.எட். தீர்ப்பு வந்தபோது எனக்குத் தெரிந்த இளைஞர்கள் பலர் மனம் உடைந்தார்கள். அந்த வலி எனக்குப் புரிகிறது. ஆனாலும் தீர்ப்பு சரியென்றே இன்றும் நினைக்கிறேன். ஏன் என்பதற்கு என் பள்ளிக்குப் பயிற்சிக்கு வந்த ஒருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

எங்களுடையது ஈராசிரியர் பள்ளி. மலையடிவாரக் கிராமம். பிள்ளைகளின் அப்பா அம்மா விடியுமுன் ஜீப் ஏறிக் கம்பம்மெட்டு வழியாக ஏலத்தோட்டத்துக்குப் போய்விடுவார்கள். பிள்ளைகளைக் கிளப்பி அனுப்புவது அப்பத்தாவோ அக்காவோதான். வருஷா வருஷம் பயிற்சி ஆசிரியர்கள் வாரக்கணக்கில் எங்களோடு இருந்து வகுப்பெடுப்பார்கள். அப்படி வந்தவர்களில் ஒருவர் முப்பதை நெருங்கியவர், கல்யாணமானவர், ஏலக்காய்க் கடையில் கணக்கராக இருந்தவர். அத்தனை ஆண்டுகளில் எனக்குக் கிடைத்த மிகக் கூர்மையான பயிற்சி ஆசிரியர் அவர்தான். ஆரம்பத்தில் அதிகம் திணறியவரும் அவர்தான்.

அவருக்குக் கணக்கு மூச்சு விடுவதுபோல. மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவன் 42-இல் 17-ஐக் கழித்து 35 என்று எழுதியிருந்தான். இவர் சிவப்பு மையால் தப்பு போட்டு, பக்கத்திலேயே 25 என்று சரியான விடையையும் எழுதிக்கொடுத்துவிட்டார். மறுநாள் அதே பையன் 53-இல் 28 போனால் 35 என்றான். "சொல்லிக் குடுத்துட்டேன் டீச்சர், கவனமே இல்ல இவனுக்கு" என்று அலுத்துக்கொண்டார். பையனைக் கூப்பிட்டு, எப்படிப் போட்டாய் என்று கேட்டேன். "பெரிய நம்பர்ல இருந்து சின்ன நம்பரக் கழிச்சேன் டீச்சர்" என்றான். அவன் கவனக்குறைவாக இல்லை. ஏழிலிருந்து இரண்டு போனால் ஐந்து, எட்டிலிருந்து மூன்று போனால் ஐந்து என்று ஒரு விதியைத் தானே உண்டாக்கி, அதை ஒழுங்காகப் பின்பற்றியிருக்கிறான். கடன் வாங்கிக் கழிக்கும்போது என்ன நடக்கிறது என்பதை அவன் கண்ணால் பார்த்ததில்லை.

அன்று மத்தியானம் ஐஸ் குச்சிகளைப் பத்துப் பத்தாக ரப்பர் பேண்டு போட்டுக் கட்டினோம். நான்கு கட்டு, இரண்டு உதிரி. ஏழு குச்சி கொடு என்றேன். பையன் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு ஒரு கட்டைப் பிரித்தான். அதைப் பார்த்தபோது பையனைவிட அந்தக் கணக்கர்தான் அதிகம் கற்றுக்கொண்டார் என்பேன். அதன் பிறகு அவர் தப்பு போடும் முன், எப்படிப் போட்டாய் என்று கேட்கத் தொடங்கினார்.

தொடக்கப் பள்ளி ஆசிரியர் வேலையின் உயிர் இந்த இடத்தில் இருக்கிறது. விடை தெரிந்திருப்பது போதாது. ஏழு வயதுப் பிள்ளை எந்த வழியில் தவறான விடைக்குப் போனது என்று தெரிய வேண்டும். பி.எட். உயர்வகுப்புப் பாடங்களை நடத்த ஆளைத் தயார் செய்கிறது. எழுத்துக் கூட்டத் தெரியாத பிள்ளையை அது மனத்தில் வைத்து உருவானதல்ல. 2022-இல் வந்த எண்ணும் எழுத்தும் திட்டத்தில் ஒரே வகுப்பில் அரும்பு, மொட்டு, மலர் என மூன்று நிலைப் பிள்ளைகள் உட்கார்ந்திருப்பார்கள். எங்களைப் போன்ற ஈராசிரியர் பள்ளியில் ஒன்று முதல் மூன்று வரை மூன்று வகுப்பும் சேர்ந்து ஒரே அறையில். ஒரு குழு வாசிக்கும்போது இன்னொரு குழுவின் கையில் என்ன வேலை கொடுப்பது என்பதைப் புத்தகம் சொல்லித் தராது. நின்று பார்த்துத்தான் வரும்.

அதே கணக்கர் வேறோர் இடத்தில் எங்களையெல்லாம் மிஞ்சினார். ஏலக்காய் சீசனில் ஒரு பிள்ளை அடிக்கடி வரவில்லை. இவர் யாரிடமும் சொல்லாமல் விடியற்காலை ஜீப் ஸ்டாண்டுக்குப் போய், பிள்ளையின் அப்பாவைப் பிடித்துவிட்டார். "அண்ணே, தம்பியப் பாத்துக்கிறச் சொல்லி பாப்பாவ வீட்ல நிறுத்தாதீங்க. தம்பியையும் அங்கன்வாடியில விடுங்க, நான் பேசிக்கிறேன்" என்றிருக்கிறார். தோட்டக் கூலி எவ்வளவு, முன்பணம் வாங்கினால் எப்படிக் கழிப்பார்கள் என்பதெல்லாம் அறிந்த மனிதர் பேசியதால் அந்த அப்பா கேட்டார். பதினெட்டு வயதுப் பயிற்சி ஆசிரியை எவ்வளவு நல்லவளாக இருந்தாலும் அவளால் இது முடிந்திருக்காது. வேறு வேலையிலிருந்து வருகிறவர்கள் பள்ளிக்குக் கொண்டுவரும் சொத்து இது.

அந்த இரண்டு ஆண்டும் அவர் வீடு எப்படி ஓடியது என்பதை நான் அருகிருந்து பார்த்தேன். பகலில் பயிற்சி, ராத்திரி கடைக் கணக்கு. மனைவி ஏலக்காய் பிரிக்கும் வேலைக்குப் போனார். பாடக்குறிப்பு எழுதும்போதே தூங்கிவிழுவார். டெட் தேறிவிட்டார். போட்டித் தேர்வில் இன்னும் இடம் கிடைக்கவில்லை. பள்ளி மேலாண்மைக் குழு மூலம் தொகுப்பூதியத்தில் இப்போது ஒரு பள்ளியில் இருக்கிறார்.

வேறு வேலையிலிருந்து வருகிறவர்களுக்கு வெளிநாடுகளில் எப்படிப் பயிற்சி கொடுக்கிறார்கள்? அமெரிக்காவில் பட்டம் பெற்றவர்கள் ஓராண்டு, ஒன்றேகால் ஆண்டில் முதுகலைப் படிப்பாகவே ஆசிரியர் பயிற்சியை முடிக்கலாம். 1936-லேயே ஹார்வர்டு அப்படி ஒரு பட்டத்தைத் தொடங்கியது. பாஸ்டன் நகரில் 2003-இல் வந்த திட்டம் எனக்கு மிகவும் பிடித்தது. பயிற்சி பெறுபவர் ஒரு பள்ளியாண்டு முழுக்க ஓர் அனுபவ ஆசிரியரின் வகுப்பிலேயே இருந்து கற்கிறார், உதவித்தொகையும் உண்டு. 1990-இல் தொடங்கிய 'டீச் ஃபார் அமெரிக்கா' வேறு வகை. கோடை விடுமுறையில் சில வாரப் பயிற்சி கொடுத்து, கடினமான பள்ளிகளுக்கு நேரே அனுப்பிவிடும். 2009 முதல் இந்தியாவிலும் அந்த வழி உண்டு. அதில் வரும் இளைஞர்களின் ஆர்வத்தை மதிக்கிறேன். ஆனால் வழிகாட்ட ஆளில்லாத அந்த முதல் மாதங்களுக்கான விலையை ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள்தானே கொடுக்கிறார்கள்? சிங்கப்பூரில் பட்டதாரிகளுக்குத் தனிப் பட்டயப் படிப்பு இருக்கிறது. வேறு வேலையை விட்டு நடுவயதில் வருகிறவர்களும் அதில் சேரலாம். தமிழாசிரியர்களும் அந்தப் பாதையில் வருகிறார்கள். பயிற்சிக் காலத்திலேயே சம்பளம் கொடுத்துவிடுகிறார்கள். அது இருந்திருந்தால் நம் கணக்கர் வீட்டில் ராத்திரி விளக்கு எரிந்திருக்காது.

நான் கேட்பது இதுதான். பட்டம் பெற்றவர்களுக்கு ஓராண்டுப் படிப்பு ஒன்றை டயட்டில் தொடங்குங்கள். பிளஸ் டூ பிள்ளைக்கு நடத்த வேண்டிய பொதுப்பாடங்கள் பலவற்றை அவர்களுக்குக் குறைக்கலாம். ஆனால் வகுப்பறையில் நிற்கும் நாட்களில் ஒன்றைக்கூடக் குறைக்காதீர்கள், கூட்டுங்கள். ஜூன் முதல் ஏப்ரல் வரை ஒரே பள்ளியில், ஒரே ஆசிரியரின் பக்கத்தில் இருக்கட்டும். ஜூனில் எழுத்தே தெரியாமல் வந்த பிள்ளை பொங்கலுக்குப் பின் கடைப் பலகையை வாசிப்பதை அவர்கள் முழுதாகப் பார்க்க வேண்டும். மாதாமாதம் உதவித்தொகை கொடுங்கள். வழிகாட்டும் ஆசிரியருக்கு வேறு பதிவேட்டு வேலைகளைக் குறையுங்கள். மலையடிவாரத்திலும் மேகமலைப் பக்கமும் உள்ள சிறிய பள்ளிகளுக்கு ஓராண்டு முழுக்க இன்னொரு கை கிடைக்கும்.

இதற்கு ஆள் எங்கே என்று கேட்பவர்களுக்கு 2021-ஐ நினைவூட்டுகிறேன். கொரோனாவுக்குப் பின் இல்லம் தேடிக் கல்வித் திட்டம் வந்தபோது, மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகைக்குச் சுமார் 2 லட்சம் தன்னார்வலர்கள் மாலை வகுப்பெடுத்தார்கள், பெரும்பாலும் பெண்கள். எங்கள் தெருவிலேயே ஒரு பெண் தன் வீட்டு முன்னறையில் இருபது பிள்ளைகளை உட்காரவைத்து வாசிக்கவைத்தாள். இப்போது ஆசிரியராக வேண்டும் என்று அவள் வந்தால், அந்த மாலை நேரங்கள் எந்தக் கணக்கிலும் சேராது. சேர்க்க ஒரு வழி செய்ய முடியாதா? நல்ல ஆசிரியர்களை அந்தத் திட்டம் ஏற்கெனவே கண்டுபிடித்துக் கொடுத்துவிட்டதே.

அப்படி ஒரு படிப்பு வரும்வரை, என்னிடம் வருகிறவர்களுக்கு இரண்டு விஷயம் சொல்கிறேன். இரண்டாண்டுக் குடும்பச் செலவுக்கு வழி பார்த்துவிட்டுச் சேருங்கள், பாதியில் நின்றுவிடாதீர்கள். விண்ணப்பம் வாங்கும் முன், உங்கள் ஊர்த் தொடக்கப் பள்ளித் தலைமையாசிரியரிடம் அனுமதி கேட்டு, ஒரு வாரம் ஒன்றாம் வகுப்பின் பின்வரிசையில் உட்காருங்கள். மருந்துக்கடையில் பில் போடும் பெண் போன மாதம் அப்படிப் போய் உட்கார்ந்தாள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் நேரே என் வீட்டுக்கு வந்து, ஐஸ் குச்சி எந்தக் கடையில் மொத்தமாகக் கிடைக்கும் என்று கேட்டாள்.