வள்ளுவர் சிலைக்குக் காகிதக் கூழ் பூசுவது ஏன்? கருங்கல்லையும் விடாத கடல் காற்று!

கன்னியாகுமரிக்கு ஆசையா போய், சாரம் கட்டி மூடிய வள்ளுவரைப் பார்த்துத் திரும்பியவர்கள் நிறைய பேர். 2022 ஜூனில் தொடங்கிய பராமரிப்புப் பணி முடிந்து, 2023 மார்ச்சில்தான் மறுபடி பயணிகளை அனுமதித்தார்கள். கல் சிலைக்கு இத்தனை மாசம் என்ன வேலை?

2000 ஜனவரி 1-ல் திறக்கப்பட்ட 133 அடி உயரச் சிலை இது. 3,681 கற்களை அடுக்கிக் கட்டியது. ஆனா, அதைச் சுற்றி இருப்பது உப்புக் காற்று.

அலை பாறையில் மோதித் தெறிக்கும் நுண்துளிகளைக் காற்று அள்ளிவந்து கல்மேல் படியவைக்கிறது. ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு தானாகவே கரையும். மழைக்காலத்தில் அடுக்களை உப்பு ஜாடி கசியுதே, அதே கதைதான். அந்த உப்புநீர் கல்லின் நுண்துளைகளிலும் இணைப்புகளிலும் இறங்குகிறது. வெயில் ஏறியதும் தண்ணீர் ஆவியாகிவிட, உப்பு உள்ளேயே படிகமாக வளர்ந்து கல்துகளை நெம்பும். ஒருநாள் நெம்பினால் ஒன்றும் ஆகாது. ஈரமும் வெயிலும் மாறி மாறி வருஷக்கணக்கில் நெம்பினால், பொருபொருவென உதிரத் தொடங்கிவிடும்.

உப்பு மட்டுமில்லை. காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடு மழைநீரில் கரைந்து லேசான அமிலமாகி, கல்லிலுள்ள ஃபெல்ஸ்பார் கனிமத்தை மெதுவாகக் களிமண்ணாக்குகிறது. ஆக்சிஜன், இரும்புச் சத்துள்ள கனிமங்களைத் துருப்பிடிக்க வைக்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலைப் பாறைகள் இப்படிக் காலங்காலமாகச் சிதைந்து, ஆறுகள் வழியாகக் கடலுக்கு வந்ததுதான் மணவாளக்குறிச்சியின் கறுப்பு, சிவப்பு மணல். இல்மனைட்டும் கார்னெட்டும் கொடுத்த நிறம் அது.

மலையில் அரை அங்குலம் உதிர்ந்தால் யாருக்கும் தெரியாது. வள்ளுவர் முகத்தில் உதிர்ந்தால்?

அதனால்தான் காகிதக் கூழ். ஈரக் கூழைக் கல்மேல் அப்பினால், அதிலுள்ள தண்ணீர் உள்ளே போய் உப்பைக் கரைக்கும். கூழ் காயும்போது அந்த உப்பையும் சேர்த்து வெளியே இழுத்துக்கொள்ளும். பிறகு உரித்து எடுத்துக் கழுவுவார்கள். இணைப்பு இடைவெளிகளை அடைத்து, கடைசியாகத் தண்ணீர் ஒட்டாத ரசாயனத்தைப் பூசுவார்கள். வெயிலும் காற்றும் அந்தப் பூச்சையும் விட்டுவைக்காது. எனவேதான் சுமார் நான்கு ஆண்டுக்கு ஒருமுறை மறுபடி சாரம் ஏறுகிறது.