கல்லுண்டாய் வெளியில் ஒரு கணக்கெடுப்பு

யாழ்ப்பாணத்திலிருந்து அராலிப் பக்கம் போகிறவர்கள் காக்கைதீவைக் கடந்ததும் நீண்ட வெட்டவெளி ஒன்றைக் காண்பார்கள். மரம் இல்லை, வீடு இல்லை. மாரியில் கணுக்காலளவு தண்ணீர் நிற்கும். கோடையில் வெடித்த தரையும் அதன்மேல் பூத்த உப்பும்தான். அதுவே கல்லுண்டாய் வெளி. நகரத்துக் குப்பை கொட்டப்படும் இடமும் அதன் அருகேதான் என்பதால், பஸ்ஸில் போகிறவர்கள் அவ்விடம் வந்ததும் மூக்கைப் பொத்திக்கொள்வார்கள். நானும் பல வருடங்கள் அப்படித்தான் போய்வந்தேன்.

என் வாப்பா பழைய இரும்பு வியாபாரம் செய்கிறவர். இரண்டு வருடங்களுக்கு முன், தை மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில் வட்டுக்கோட்டைக்கு இரும்பு எடுக்கப் போனபோது நானும் பட்டாவில் ஏறிக்கொண்டேன். கல்லுண்டாயில் டயர் காற்றுப் போய்விட்டது. வாப்பா டயர் மாற்ற, நான் வேலையின்றித் தெருவோரத்தில் நின்றேன். தண்ணீருக்கு நடுவே உப்பைக் குவித்து வைத்ததுபோல ஒரு வெள்ளைக் கோடு தெரிந்தது. எங்கிருந்தோ வந்த நாயொன்று தண்ணீரில் இறங்கி ஓடவும் அந்தக் கோடு எழுந்து பறந்தது. சிறகுகளின் உட்புறமெல்லாம் சிவப்பும் கறுப்பும். வாப்பா சாவியைக் கையில் பிடித்தபடியே நிமிர்ந்து நின்றுவிட்டார். “இவ்வளவு நாளும் இந்த ரோட்டில்தானே போறேன்” என்றார்.

அவை பூநாரைகள் என்று பிறகு ஒரு புத்தகத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். அன்று தொடங்கிய பழக்கத்தைப் பற்றித்தான் எழுதுகிறேன். பறவை பார்ப்பதற்கு யால, சிங்கராஜ என்று தூர இடங்களுக்குப் போகவேண்டும் என்பது எங்களில் பலருடைய எண்ணம். உண்மையில் சோனகதெருவிலிருந்து சைக்கிள் ஓடும் தூரத்தில் இருக்கிறது அந்த உலகம்.

யாழ்ப்பாணக் கடல்நீரேரி 400 சதுர கிலோமீற்றருக்கும் மேற்பட்ட பரப்புடையது. ஆனால் ஆழம் மிகக் குறைவு. பல இடங்களில் ஒரு பிள்ளை நடந்து போகலாம். கப்பலுக்கு உதவாத அந்த ஆழமின்மையே பறவைக்கு உதவுகிறது. சேற்றுக்குள் புழு, சிறு நத்தை, இறால் குஞ்சு, நண்டு எல்லாம் கிடக்கின்றன. கொசு உள்ளானுக்குக் குட்டை மூக்கு. அது சேற்றின் மேற்பரப்பில் கொத்தித் தின்னும். கருவால் மூக்கனுக்கு நீண்ட மூக்கு; அது ஆழத்தில் குத்தி எடுக்கும். பவளக்கால் உள்ளான் தன் நீண்ட சிவப்புக் கால்களால் மற்றவை போகாத தண்ணீருக்குள் நடந்துபோய் உண்ணும். ஒரே சேறு, வெவ்வேறு அடுக்கு. ஒன்றின் சாப்பாட்டை மற்றது பறிப்பதில்லை. பூநாரை செய்வதோ இவை எல்லாவற்றிலும் விசித்திரமானது. தலையைக் கவிழ்த்து, மூக்கைத் தலைகீழாகத் தண்ணீரில் வைத்து, நாங்கள் தேயிலை வடிப்பதுபோலத் தண்ணீரை வடித்துச் சிறிய உயிர்களையும் பாசியையும் உண்கிறது. அந்த உணவிலுள்ள நிறப்பொருளே அதன் சிறகுக்குச் சிவப்பைத் தருகிறது. பிறக்கும்போது பூநாரைக் குஞ்சு சாம்பல் நிறம்தான்.

இவற்றில் பல இங்கே முட்டையிடுவதில்லை. கொசு உள்ளான் ஒரு கரண்டி சீனிக்கு மேல் அதிக பாரமில்லாத பறவை. 20 முதல் 30 கிராம் வரைதான் இருக்கும். அது குஞ்சு பொரிப்பது வடதுருவத்தை அண்டிய பனிநிலத்தில். அங்கே கோடை முடியும்போது புறப்பட்டு, ஆவணி, புரட்டாதி முதல் எங்கள் கரைகளுக்கு வரத் தொடங்கிவிடும். பங்குனி, சித்திரையில் திரும்பும். மத்திய ஆசியா வழியாக இந்து சமுத்திரம் வரை நீளும் இந்த வான்வழியில், இந்தியாவின் நிலம் முடிந்து கடலைத் தாண்டியதும் இறங்கக் கிடைக்கும் முதற் கரைகளுள் மன்னாரும் யாழ்ப்பாணமும் அடங்கும்.

இதெல்லாம் ஊகம் என்று நினைக்கவேண்டாம். 2021 ஆம் ஆண்டு கொழும்புப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மன்னாரில் கடற்காகங்களைப் பிடித்து, முதுகில் சிறிய ஜீபிஎஸ் கருவி பொருத்திப் பறக்கவிட்டார்கள். ‘மேகா’ என்று பெயரிடப்பட்ட ஒன்று ஏறக்குறைய எண்ணாயிரம் கிலோமீற்றர் பறந்து ரஷ்யாவின் வடகரையிலுள்ள யமால் தீபகற்பத்தைச் சேர்ந்தது. 2022 இல் இன்னொரு நாட்டில் இன்னொரு பறவை இதையும் மிஞ்சியது. பட்டைவால் மூக்கன் குஞ்சு ஒன்று அலாஸ்காவிலிருந்து அவுஸ்திரேலியாவின் தாஸ்மானியாவுக்கு 13,560 கிலோமீற்றரை 11 நாட்களில், எங்கும் இறங்காமல் கடந்தது. பிறந்து சில மாதங்களேயான குஞ்சு அது. வழி சொல்லித்தரத் தாய் கூட வந்ததாகவும் இல்லை.

இப்படிப் பறப்பதற்கு எரிபொருள் கொழுப்பு. புறப்படுமுன் சில உள்ளான்கள் தம் உடல் எடையை ஏறக்குறைய இரட்டிப்பாக்கிக்கொள்ளும். ஆகவே, போட்டோ எடுப்பதற்காகக் கல்லெறிந்து ஒரு கூட்டத்தை எழுப்புகிறவர், அது பல நாள் சேர்த்ததைச் செலவழிக்க வைக்கிறார். அன்று நாய் ஓடியபோது நான் கைதட்டினேன். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

தூரத்திலிருந்து வருகிறவற்றை மட்டும் சொல்லிவிட்டு எங்கள் வளவுப் பறவைகளை மறந்தால் அநியாயம். இலங்கைக்கே உரிய பறவையினங்கள் முப்பதுக்கு மேல் உண்டு. அவற்றில் பெரும்பாலானவை தெற்கின் ஈரவலயக் காடுகளில்தான். அதனால் வடக்கில் என்ன இருக்கிறது என்று கேட்பார்கள். ஆனால் எங்கள் லைற் கம்பியில் அமர்ந்து வாலை ஆட்டும் கரிச்சான், பனங்கூடலில் கூவும் கள்ளிப்புறா, பற்றைக்குள்ளிருந்து சத்தமிடும் கௌதாரி ஆகியவற்றைப் பார்க்கத் தெற்கிலிருந்து ஆட்கள் பஸ் ஏறி வருகிறார்கள். இந்நாட்டில் அவை பெரும்பாலும் வடக்கு, வடமேற்கு வரண்ட பகுதிகளிலேயே வாழ்கின்றன. நாங்கள் அவற்றைக் கண்டு திரும்பிப் பார்ப்பதும் இல்லை.

இனி எண்ணிக்கைக்கு வருகிறேன், ஏனென்றால் என் கவலை அதில்தான் இருக்கிறது. எங்கள் குடும்பம் 1990 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்திலிருந்து வெளியேற்றப்பட்ட குடும்பங்களில் ஒன்று. நான் பிறந்தது புத்தளத்தில்; ஏழு வயதில் இங்கே வந்தேன். என் உம்மும்மாவிடம் பூநாரைப் படத்தைக் காட்டியபோது, “நாவாந்துறைப் பக்கம் மாரியில் கடலே வெள்ளையாக் கிடக்கும் புள்ள” என்றார். எத்தனை என்று கேட்டேன். சிரித்தார். யார் எண்ணினார்கள்? அவர் புத்தளத்தில் இருந்த காலத்திலும் இங்கே யுத்தம் நடந்தது. பறவையை எண்ணும் நிலையில் யாரும் இருக்கவில்லை. கண்ணிவெடி அகற்றப்படும் வரை பல கரைகளில் கால் வைக்கவும் முடியவில்லை. இலங்கை களப் பறவையியல் குழு 1976 முதல் கொழும்புப் பல்கலைக்கழகத்தை மையமாகக் கொண்டு இயங்குகிறது. ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பும் 1987 முதல் வருடந்தோறும் ஜனவரியில் நடக்கிறது. ஆனால் யுத்த வருடங்களில் வடக்கின் பக்கங்கள் பெரும்பாலும் வெறுமையாகவே கழிந்தன.

எண்ணிக்கை இல்லாவிட்டால் என்ன நட்டம்? தெற்கே புந்தலவைப் பார்ப்போம். 1990 இல் இலங்கையின் முதலாவது ராம்சார் ஈரநிலமாக அறிவிக்கப்பட்ட இடம் அது. ஒரு காலத்தில் பூநாரைகள் ஆயிரக்கணக்கில் கூடின. கிரிந்தி ஓயா நீர்ப்பாசனத் திட்டத்தின் வடிகால் நீர் அங்குள்ள களப்புகளில் கலந்தபோது உப்பு குறைந்தது. பூநாரைக்கு வேண்டிய சிறு உயிர்கள் உப்புநீரில் பெருகுபவை. உப்புப் போக உணவும் போனது, பூநாரைகளும் மிகக் குறைந்துபோயின. யாரும் அவற்றைச் சுடவில்லை. வயலுக்கு நீர் விட்டார்கள், அவ்வளவுதான். வருடா வருடம் எண்ணியிருந்ததால்தான் காரணத்தைக் கண்டுபிடிக்க முடிந்தது.

எங்களுக்கும் தண்ணீர்ப் பஞ்சம் உண்டு. கிணற்றில் உவர் ஏறிய வீடுகள் எங்கள் தெருவிலேயே இருக்கின்றன. கடல்நீரேரிகளை நன்னீராக்கும் யோசனை யாழ்ப்பாணத்தில் எழுபது வருடத்துப் பேச்சு. பறவைக்காகத் தாகத்தோடு இருங்கள் என்று நான் சொல்லமாட்டேன். எந்தக் களப்பில் என்ன இருக்கிறது என்று எழுதி வைத்துவிட்டு முடிவெடுக்கட்டும் என்றே சொல்கிறேன். மன்னாரின் வங்காலை 2010 இல் ராம்சார் இடமானது. சுண்டிக்குளம் 1938 இல் பறவைகள் சரணாலயமாகி, 2015 இல் தேசிய பூங்காவாக உயர்ந்தது. கல்லுண்டாய்க்கு அப்படி ஒரு பெயரும் இல்லை. போன வருடம் அதன் ஓரமொன்றில் யாரோ கட்டட இடிபாடுகளைக் கொட்டி நிரவியிருந்தார்கள். முந்தைய வருடம் அந்த இடத்தில் நாங்கள் உள்ளான் பார்த்திருந்தோம். அதைச் சொல்வதற்கு எங்கள் கொப்பி ஒன்றைத் தவிர வேறு சாட்சி கிடையாது.

அந்தக் கொப்பியில் எழுதுவது சிரமமான காரியமல்ல. திகதி, நேரம், இடம், காற்று மழை, பறவையின் பெயர், எண்ணிக்கை, அது என்ன செய்துகொண்டிருந்தது. பெயர் தெரியாவிட்டால் காலின் நிறம், மூக்கின் வடிவம், உருவம் காகத்திலும் பெரிதா புலுனியிலும் சிறிதா என்று எழுதினால் போதும். கூட்டத்தை ஒவ்வொன்றாக எண்ணமுடியாது. முதலில் பத்துப் பறவையை எண்ணி, அந்தப் பத்து எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று பார்த்து, அதே அளவால் மிச்சத்தை அளந்து போகவேண்டும். முதல் நாள் எங்கள் ஐந்து பேரில் ஒருத்தி 150 என்றாள், இன்னொருத்தி 400 என்று சாதித்தாள். மூன்றாம் கிழமையில் வித்தியாசம் இருபதுக்குள் வந்துவிட்டது. பெப்ரவரியில் நான்கு நாட்கள் உலகம் முழுவதும் நடக்கும் கொல்லைப்புறப் பறவைக் கணக்கெடுப்பில் சேர்வதற்கு வீட்டு வளவில் 15 நிமிடம் நின்றாலே போதும். ஈபேர்ட் என்ற செயலியில் பதிந்தால் அது உலகக் கணக்கில் சேரும். உலக வலசைப் பறவைகள் தினம் மே, ஒக்டோபர் மாதங்களின் இரண்டாம் சனிக்கிழமைகளில் வருகிறது. எங்களுக்கு ஒக்டோபர்தான் பொருத்தம். மே மாதத்தில் விருந்தாளிகளில் அநேகர் போய்விடுவார்கள்.

நேரம் காலைதான். அராலி வீதியில் சூரியன் முதுகுக்குப் பின்னால் இருக்கும், பறவைகள் தெளிவாகத் தெரியும். சுபஹு தொழுதுவிட்டுப் புறப்பட்டால் எட்டு மணிக்குள் வீடு திரும்பி டியூசனுக்கும் போகலாம். தொலைநோக்கி ஐந்து பேருக்கு ஒன்று இருந்தாலும் சமாளிக்கலாம். வெள்ளைச் சீருடையில் போனால் பறவைகள் தூரத்திலேயே கண்டு விலகும். கறுப்பு அபாயாவோடு எங்களுக்கு ஒரு பிரச்சினையும் வந்ததில்லை! அராலிக்குப் போக வசதியில்லாதவர்கள் பண்ணைப் பாலத்தடிக்குப் போகலாம். ஆலாக்களும் செம்பருந்தும் அங்கே எப்போதும் உண்டு. சுண்டிக்குளத்துக்குப் போவதென்றால் ஒரு முழு நாள் வேண்டும், வனசீவராசிகள் திணைக்களத்திடம் முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளவும் வேண்டும்.

இவ்வளவும் எழுதிய பிறகு உண்மையான தடையைச் சொல்லாமல் விட்டால் என் தோழிகள் சிரிப்பார்கள். “குமர்ப் பிள்ளைகள் விடியக் காலையில் றோட்டோரத்தில் நின்று கடலைப் பார்த்தால் சனம் என்ன சொல்லும்?” என் உம்மா கேட்ட கேள்வி இது. அவருடைய பயத்தை நான் குறை சொல்லவில்லை. ஆள் நடமாட்டமில்லாத தெரு அது. வாப்பாதான் வழி சொன்னார்: “நீயும் கூடப் போ.” உம்மா முதல் இரண்டு கிழமையும் பட்டாவுக்குள்ளேயே தஸ்பீஹோடு இருந்தார். மூன்றாம் கிழமை நாங்கள் எல்லோரும் தண்ணீர்ப் பக்கம் பார்த்துக்கொண்டிருக்க, பின்னாலிருந்து மெல்லக் கூப்பிட்டார். தெருவின் மறுகரையில், காய்ந்த புல்லுக்குள், விசிறிக் கொண்டையும் வரிச் சிறகுமாக ஒரு பறவை மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தது. கொண்டலாத்தி. “இது நம்மட ஸுலைமான் நபியுட ஹுத்ஹுத் இல்லையா?” என்றார் உம்மா. ஓதும் காலம் முதல் தெரிந்த பெயர், ஐம்பது வயதுக்குக் கிட்டவாகத்தான் கண்ணால் கண்டார். அது பறந்துபோகும் வரை யாரையும் அசைய விடவில்லை.

இப்போது கொப்பி உம்மாவின் கையில். தையற்காரியின் கண் என்பதால் எண்ணிக்கையில் எங்களை விடத் திருத்தம். அடுத்த நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு ஜனவரியில் வருகிறது. சனிக்கிழமை காலை ஐந்தே முக்காலுக்கு எங்கள் தெரு முனையிலிருந்து புறப்படுவோம். பட்டாவின் பின்புறத்தில் இன்னும் ஆறு பிள்ளைகளுக்கு இடமிருக்கிறது, முன்சீற்றில் ஒரு உம்மாவுக்கும்.