லூவரின் கிழக்கு முகம்

பாரிஸில் லூவர் அருங்காட்சியகத்துக்குப் போகிறவர்கள் கண்ணாடிப் பிரமிடுக்கு முன் படம் எடுத்துக்கொண்டு மோனலிசாவைத் தேடி ஓடுகிறார்கள். கட்டடத்தைச் சுற்றிக்கொண்டு கிழக்குப் பக்கமும் ஒருமுறை போய்ப் பாருங்கள்.

சுமார் 1190இல் கோட்டையாகத் தொடங்கி, 1546 முதல் கொஞ்சம் கொஞ்சமாக இடித்துக் கட்டி அரண்மனையான இடம் அது. கிழக்கு முகப்புக்குக் கட்டடக் கலைஞர் லெ வோ தொடங்கியிருந்த வேலையை 1664இல் பதினான்காம் லூயியின் அமைச்சர் கோல்பேர் நிறுத்திவிட்டார். மறு ஆண்டு, முகப்பைப் புதிதாக வடிவமைக்க, ரோமிலிருந்து பெர்னினி வந்தார். அன்றைய ஐரோப்பாவின் பெரும் சிற்பி. அது அவருக்கும் நன்றாகவே தெரியும். கோல்பேரோ சொந்த வீடு கட்டுகிறவரைப் போலக் கேட்டார்: ராஜா எங்கே படுப்பார்? காவலுக்கு என்ன வழி? கழிப்பறை எங்கே? பெர்னினிக்கு எரிச்சல். என் ஓட்டு கோல்பேருக்குத்தான். 1665 அக்டோபர் 17 அன்று ராஜாவே அடிக்கல் நாட்டினார். அதே மாதம் பெர்னினி ஊர் திரும்பினார். 1667இல் அவருடைய திட்டம் கைவிடப்பட்டது.

அடுத்து மூவர் குழு: லெ வோ, ஓவியர் லெ ப்ரன், க்ளோத் பெரோ. பெரோ ஒரு மருத்துவர். சிண்ட்ரெல்லா கதை எழுதிய ஷார்ல் பெரோவின் அண்ணன். வடிவம் மூவரில் யாருடையது என்ற வழக்கு இன்னும் ஓயவில்லை.

கட்டி முடித்த முகப்பில், இரண்டிரண்டாக நிற்கும் தூண்களுக்கு நடுவே இடைவெளி மிக அகலம். ஒற்றைக் கல் உத்தரத்துக்குப் பதில், ஆப்புபோலச் செதுக்கிய பல கற்களை நெருக்கி அடுக்கி அதைக் கடந்தார்கள். இந்தத் தட்டை வளைவு பக்கவாட்டில் உதைக்கும். தூண்கள் அதைத் தனியே தாங்காது. ஆகவே கல்லுக்குள்ளேயே இரும்புக் கம்பிகளை ஓட்டி, உத்தரங்களைப் பின்சுவரோடு இழுத்துக் கட்டினார்கள். கான்கிரீட்டில் கம்பி கட்டும் பழக்கம் வர இன்னும் 200 ஆண்டு இருந்தது! உச்சி முக்கோணத்தின் இரு சரிவுகளுக்கு மட்டும் முழுக்கல். ஒவ்வொன்றும் சுமார் 17 மீட்டர். அவற்றை மேலேற்ற 1674இல் தனி இயந்திரமே செய்ய வேண்டியிருந்தது.

1682இல் அரசவை வெர்சாய்க்குப் போனது. தூண்வரிசைக்குப் பின்னால் கட்டடம் பல பத்தாண்டுகள் கூரையில்லாமல் கிடந்தது.

பெர்னினி ரோமிலிருந்து செதுக்கி அனுப்பிய லூயியின் குதிரைச் சிலையும் ராஜாவுக்குப் பிடிக்கவில்லை. முகத்தை மாற்றி ஒரு ரோமானிய வீரனாக்கி வெர்சாய் தோட்டத்தில் வைத்தார்கள். அதன் ஈயப் பிரதி இப்போது லூவரில், அந்தக் கண்ணாடிப் பிரமிடுக்குப் பக்கத்தில் நிற்கிறது.