தம்பூராவை விலக்கிவிடும் யந்திரம்

2003-ஆம் ஆண்டில் தோன்றி, தூர தேசங்களில் வசிக்கும் பந்துக்களின் முகத்தைக் காசு செலவில்லாமல் காட்டிக்கொடுத்த ஸ்கைப் என்னும் சேவையை, அதை 2011-இல் 850 கோடி டாலர் கொடுத்து வாங்கிய மைக்ரோசாப்ட் கம்பெனி 2025 மே 5-ஆம் தேதி மூடிவிட்டபோது, பெரிய உத்தியோகசாலைகளில் அதற்காக வருந்தியவர்கள் அதிகம் பேர் இருந்திருக்கமாட்டார்கள். அவர்கள் டீம்ஸுக்கும் ஜூமுக்கும் கூகுள் மீட்டுக்கும் நெடுநாள் முன்பே குடிபெயர்ந்துவிட்டார்கள். ஆனால் மயிலாப்பூரிலும் அடையாறிலும் பாட்டுச் சொல்லிக்கொடுத்து ஜீவனம் நடத்துகிறவர்களின் வீடுகளில் அந்தப் பெயருக்குத் தனியானதொரு ஸ்தானம் உண்டு. அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில் 1978 முதல் நடந்துவரும் தியாகராஜ ஆராதனையின் போட்டி மேடைகளில் ஏறும் சிறுவர் சிறுமியரில் பலருக்கு, குருவின் வீட்டு வாசற்படியை மிதித்த நாட்களைக் காட்டிலும் அவர் முகத்தைக் கணினித் திரையில் கண்ட நாட்களே அதிகம். அந்தப் பாடம் எந்தச் சேவையின் வழியாக நடந்தாலும் அதற்கு ‘ஸ்கைப் கிளாஸ்’ என்றே வெகுகாலம் பெயர் வழங்கிவந்தது.

இப்போது அவர்கள் புகுந்திருக்கும் இடம், உத்தியோகஸ்தர்களின் கூட்டங்களுக்கென்று உண்டாக்கப்பட்ட செயலிகள். தொற்றுநோய்க்கு முன், 2019 டிசம்பரில், நாளொன்றுக்கு 1 கோடியாக இருந்த ஜூம் கூட்டப் பங்கேற்பு, 2020 ஏப்ரலில் 30 கோடியைத் தொட்டது. அந்த வெள்ளத்துக்குப் பிறகு கம்பெனிகள் ஒன்றோடொன்று போட்டியிட்டு வசதிகளைப் பெருக்கிவருகின்றன. அறையின் அலங்கோலத்தை மங்கவைத்துப் பேசுகிறவரின் முகத்தை மட்டும் காட்டுவது, சுற்றுப்புற இரைச்சலை நீக்குவது, பேசப் பேச வாக்கியங்களைத் திரையின் அடியில் எழுதிக்காட்டுவது, கூட்டம் முடிந்தவுடன் குறிப்பெழுதி அனுப்புவது, ஒருவர் பேச்சை அவர் குரலின் சாயலிலேயே வேறு பாஷையில் ஒலிக்கச் செய்வது என்று இவை விரிந்துகொண்டே போகின்றன. பிரயோஜனமில்லாதது என்று இவற்றில் எதையும் சொல்வதற்கில்லை. ஆனால் இவை யாவற்றுக்கும் அடிப்படையாக ஓர் அநுமானம் இருக்கிறது: கூட்டம் என்றால் ஒருவர் பேச மற்றவர் கேட்பது, பேச்சே சரக்கு, ஏனையவை சத்தம். காரியாலயத்துக்கு இது பொருத்தமான அநுமானந்தான். பாட்டு வகுப்பில் நுழையும்போது இது எப்படித் தடுமாறுகிறது என்று கவனித்தால், இந்த வசதிகள் உள்ளே எவ்விதம் வேலை செய்கின்றன என்பது, எந்த விளம்பரமும் விளக்காத அளவுக்கு நமக்கு விளங்கும்.

இரைச்சல் நீக்கத்தை முதலில் எடுத்துக்கொள்வோம். தியாகராய நகரில், உஸ்மான் ரோட்டுக்குப் பக்கத்து ஃபிளாட்டில் உட்கார்ந்துகொண்டு, மும்பையிலுள்ள மேலதிகாரிக்குக் கணக்கு ஒப்பிக்கிற ஒருவருடைய குரலிலிருந்து, பஸ்ஸின் ஹாரனையும் குக்கரின் விசிலையும் மேல்வீட்டுக்காரர் சுவரைத் துளைக்கும் டிரில் சத்தத்தையும் கழித்துவிட்டு அவர் பேச்சை மட்டும் கொண்டுபோய்ச் சேர்க்கிற வசதிக்கு, சென்னைவாசிகள் கோவில் கட்டினாலும் தகும். இதன் தந்திரம் மிகவும் எளிமையானது. பேச்சு அசை அசையாக ஏறி இறங்கும், நடுவில் மூச்சுக்கு நிற்கும்; மின்விசிறியின் ஓசையோ ஒரே சீராக நீண்டுகொண்டிருக்கும். ஆகவே, பேசுகிறவர் மூச்சு வாங்கும் இடைவெளியில் எஞ்சி நிற்கும் சீரான ஓசையை அளந்து வைத்துக்கொண்டு, பிறகு வரும் ஒலியிலிருந்து அந்த அளவைக் கழித்துவிடும் உபாயத்தை 1970-களின் இறுதியிலேயே ஆராய்ச்சியாளர்கள் கையாண்டார்கள். 2020-இல் கூகுள் மீட்டிலும் அவ்வாண்டின் இறுதியில் டீம்ஸிலும் வந்து சேர்ந்த முறை இதைவிடச் சாமர்த்தியமானது: ஏராளமான பேச்சுப் பதிவுகளோடு பலவகை இரைச்சல்களைக் கலந்து கலந்து கொடுத்து, எது மனிதப் பேச்சு, எது அல்ல என்று பிரித்தறியும்படி யந்திரத்தைப் பழக்கிவிடுகிறார்கள்.

இந்த யந்திரத்தின் எதிரில் ஒரு தம்பூராவை வைத்துப் பாருங்கள். இடைவிடாமல் ஒரே ஆதாரத்தில் நிற்பதுதான் அதன் லட்சணம். அந்த லட்சணத்தினாலேயே யந்திரத்தின் நியாயப்படி அது மின்விசிறியின் ஜாதியாகிவிடுகிறது. “மாமி, ஸ்ருதி கேக்கலை” என்று அங்கேயிருந்து குழந்தை சொல்ல, “இங்கே நன்னா கேக்கறதே!” என்று இங்கேயிருந்து பதில் போகும், இருவர் சொல்வதும் சத்தியம். சுருதியோடு நின்றாலும் போகட்டும் என்று விட்டுவிடலாம். தார ஸ்தாயி ஷட்ஜத்தில் அகாரமாக நீண்டு நிற்கும் குரலில் எழுத்தொலிகளின் மாற்றம் இல்லாதபடியால், சிறிது நேரத்துக்கெல்லாம் யந்திரம் அந்தக் கார்வையையும் சந்தேகிக்கத் தொடங்கி, அதை மெலியவைத்து, சில சமயம் விழுங்கியும் விடுகிறது. மிருதங்க வகுப்பின் கதி இன்னும் பரிதாபம். மேஜையைத் தட்டுவதையும் விசைப்பலகையின் ஓசையையும் அழிப்பதற்கென்றே பழக்கப்பட்ட யந்திரத்துக்கு, வலந்தலையில் விழும் சொல்லும் அந்த வகையைச் சேர்ந்ததாகவே படுகிறது.

சங்கீதக்காரர்களின் முறையீடு கம்பெனிகளின் காதுக்கு எட்டாமற் போகவில்லை. ஜூம் செயலியில் ‘ஒரிஜினல் சவுண்ட்’ என்று ஒரு விசை உண்டு. அதைத் திறந்தால் இரைச்சல் நீக்கம் விலகிக்கொள்ளும். 2020 செப்டம்பரில் அதனோடு உயர்தர இசைக்கான ஒரு முறையையும் சேர்த்தார்கள். அதில் ஒலி விநாடிக்கு 48,000 தடவை அளக்கப்பட்டு, 96 கிலோபிட் வேகத்தில் அனுப்பப்படுகிறது. பழைய டெலிபோன் கம்பி 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலியை மட்டுமே சுமந்தது என்பதையும், தம்பூராவின் ஜீவனான மேல் ஸ்வரங்கள் அதற்கு வெகுதூரம் அப்பாலும் படர்கின்றன என்பதையும் நினைத்தால் இதன் மதிப்புத் தெரியும். டீம்ஸிலும் பிற்பாடு இசைக்கென்று தனி முறை வந்தது.

ஆனால் இந்த விசையில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. ஒலியை அனுப்புகிறவர்தான் அதைத் திறந்துவைக்கவேண்டும். கேட்கிறவர் திறந்து பயனில்லை. ஆசிரியை தம் பக்கத்தில் எல்லாவற்றையும் சரிபார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க, அந்தப் பக்கத்துக் குழந்தை அதை மறந்துவிட்டால், குழந்தை முழுமையாகப் பாடிய கார்வை நறுக்கப்பட்டு வந்து சேரும். குழந்தை செய்யாத பிழையை ஆசிரியை கண்டித்துத் திருத்துவார். குழந்தையும், குரு வாக்கை மறுக்கலாகாதென்று, சரியாக இருந்ததை மாற்றிக்கொள்ளும். இணைய வழிப் பாடத்தில் நேரும் அநர்த்தங்களில் இதுவே பெரிது என்பது என் அபிப்பிராயம். ஒலி நின்றுபோனால் உடனே தெரிந்துவிடுகிறது, இது தெரிவதில்லை. விசையைத் திறந்ததற்கு ஒரு விலையும் உண்டு. விலக்கப்பட்டிருந்த இரைச்சல்கள் அனைத்தும் திரும்பிவிடுகிறபடியால், சித்திரை மாதத்திலும் மின்விசிறியை நிறுத்திவிட்டுத்தான் வர்ணம் சொல்லிக்கொடுக்கவேண்டும். எதிரொலி நீக்கத்தையும் சேர்த்து நிறுத்துகிறவர்கள் காதில் ஹெட்போன் மாட்டிக்கொள்வது அவசியம். இல்லையேல் குழந்தையின் குரல் இங்குள்ள ஒலிபெருக்கியிலிருந்து இங்குள்ள மைக்கில் நுழைந்து குழந்தைக்கே திரும்பிப் போகும்.

எந்த விசையாலும் தீராத சங்கடம் ஒன்று உண்டு, அது தாமதம். கண்ணாடி நாரின் உள்ளே ஒளி விநாடிக்கு ஏறக்குறைய 2 லட்சம் கிலோமீட்டர் ஓடுகிறது. சென்னையிலிருந்து கலிபோர்னியாவுக்கு மிகக் குறுகிய வழியே சுமார் 14,000 கிலோமீட்டர். எனவே போவதற்கு மட்டும் 70 மில்லிவிநாடி, அதாவது ஒரு விநாடியின் ஆயிரத்தில் 70 பங்கு, ஆகும். கடலடிக் கம்பிகளோ நேர்வழியில் செல்வதில்லை. சிங்கப்பூர் போன்ற துறைகளைத் தொட்டுச் சுற்றிக்கொண்டுதான் போகின்றன. அதன்மேல், குரலைச் சிறுசிறு பொட்டலங்களாகக் கட்டுவதற்கும், முன்பின்னாக வந்து சேரும் பொட்டலங்களை வரிசைப்படுத்துவதற்காகச் சற்றே காக்கவைப்பதற்கும் நேரம் பிடிக்கிறது. போய்த் திரும்பும் காலம் கால் விநாடிக்குக் குறைவாக இருந்தால் அன்றைய தினம் நல்ல தினம். ஆதி தாளத்தின் ஓர் அட்சரத்துக்கு ஒரு விநாடி என்று நிதானமாகப் போட்டாலும், மூன்றாம் காலத்தில் அட்சரத்துக்கு நாலு ஸ்வரம். ஒரு ஸ்வரத்துக்குக் கிடைப்பது அதே கால் விநாடிதான். ஆசிரியை தட்டும் தாளத்துக்குக் குழந்தை எவ்வளவு சுத்தமாகப் பாடினாலும், அது இங்கே ஒரு முழு ஸ்வரம் பிந்தி வந்து விழும். சேர்ந்து வாசிக்கிறவர்களுக்கு 30 மில்லிவிநாடிக்கு மேல் தாமதம் ஏற்பட்டாலே கை தயங்குகிறது. ஆகையால் குருவும் சிஷ்யையும் ஒரே குரலாய்ச் சேர்ந்து பாடுவதென்பது இந்த வகுப்பில் கிடையாது. ஒருவர் பாடி நிறுத்த, மற்றவர் பாடவேண்டும். தாளத்தைப் போடும் பொறுப்பும் குழந்தையிடமே போய்விடுகிறது. அது ஒருவிதத்தில் நன்மை என்று சொல்கிற ஆசிரியைகளும் இருக்கிறார்கள்.

பேச்சையே சரக்காகக் கொண்ட தொழில்களிலாவது புதிய வசதிகள் பூரணமாகப் பொருந்துகின்றனவா என்றால், தியாகராய நகரின் ஆடிட்டர் ஆபீஸ்களில் அதற்கும் அரைகுறையான பதிலே கிடைக்கும். 2013-ஆம் ஆண்டின் கம்பெனிச் சட்டம் 173-ஆம் பிரிவில், டைரக்டர்கள் வீடியோ மூலம் போர்டு கூட்டத்தில் கலந்துகொள்ள அநுமதிக்கிறது. நடவடிக்கைகளைப் பதிவு செய்யவும் வேண்டுமென்கிறது. அத்தகைய இடத்தில் 2023-இல் ஜூமிலும் டீம்ஸிலும், 2024-இல் கூகுள் மீட்டிலும் வந்த குறிப்பெழுதும் வசதி கைக்கு மெய்யாகவே அநுகூலமானது, பேச்சு முழுவதும் இங்கிலீஷில் நடக்கும் வரையில். “அந்த இன்வாய்ஸை ரிவர்ஸ் பண்ணிட்டு, அடுத்த மாசம் கிளெய்ம் பண்ணிக்கலாம் சார்” என்று நம்மவர் பேசத் தொடங்கியதும், இங்கிலீஷுக்கென்று நிறுத்திய யந்திரம் தமிழில் இடறுகிறது, தமிழுக்கென்று நிறுத்தியது இங்கிலீஷில் இடறுகிறது. குரலோடு பெயர்த்துச் சொல்லும் வசதியும் கூகுள் மீட்டில் 2025-இல் முதன்முதலாக இங்கிலீஷுக்கும் ஸ்பானிஷுக்கும் இடையில்தான் வந்தது.

இந்தக் குறையைத் தீர்க்கும் பிரயத்தனம் அடையாற்றுக்கு வெகு அருகிலேயே, மான்கள் உலவும் ஐ.ஐ.டி. வளாகத்தில் நடந்துவருகிறது. அங்குள்ள ஏஐ4பாரத் என்னும் ஆராய்ச்சிக் குழு, அரசியல் சாசனத்தின் எட்டாவது அட்டவணையிலுள்ள 22 மொழிகளுக்கும் மொழிபெயர்ப்பு யந்திரத்தை 2023-இல் வெளியிட்டு, எவரும் எடுத்துக்கொள்ளும்படி வழங்கியது. அதே வளாகத்தில், யந்திரத்தை இந்திய மொழிகளில் பேசவைக்கும் ஆராய்ச்சியில் வெகுகாலம் ஈடுபட்ட பேராசிரியை ஹேமா மூர்த்தியின் குழு, பார்ஸிலோனாவில் சேவியர் செர்ரா தலைமையில் 2011-இல் தொடங்கிய காம்ப்மியூசிக் என்னும் திட்டத்தில் சேர்ந்து, கர்நாடக சங்கீதத்தையும் கணிதத்தால் ஆராய்ந்தது. அவர்களுடைய பிரச்னைகளில் ஒன்று, பாடுகிறவரின் ஆதார ஷட்ஜம் எது என்று யந்திரம் தானே கண்டுபிடிப்பது; ஏனெனில் நம் சங்கீதத்தில் ஷட்ஜத்துக்கு நிலையான இடம் கிடையாது, ஒருவருக்கு 1 கட்டை, மற்றொருவருக்கு 5 கட்டை. அதைக் கண்டுபிடிக்க ஆராய்ச்சியாளர்கள் நம்பிய சாட்சிகளில் முக்கியமானது, பின்னணியில் ஓயாமல் ஒலிக்கும் தம்பூரா. கூட்டச் செயலி எதைக் குப்பையென்று தள்ளுகிறதோ அதையே அவர்கள் அளவுகோலாக எடுத்துக்கொண்டார்கள். இந்த வித்தை கூட்டச் செயலிகளில் ஏறினால், ஆதாரத்தை அடையாளம் கண்டு காப்பாற்றிவிட்டு மின்விசிறியை மட்டும் நீக்கும் யந்திரம் அசாத்தியமன்று. வாங்குகிறவர்கள் தொகை சிறிது என்பதுதான் தடை.

அதுவரை, பாட்டு ஆசிரியைகள் தங்களுக்கென்று சில வழக்கங்களை வகுத்துக்கொண்டிருக்கிறார்கள். சுருதிப் பெட்டி இரு பக்கத்திலும் தனித்தனியே ஒலிக்கும். ஜூம் 2022-இல், காசில்லாத கணக்கில் இருவர் மட்டும் பேசுவதற்கும் 40 நிமிஷ வரம்பு வைத்து, சரணம் பாதியில் நிற்கும்போது கூட்டத்தைக் கலைக்கத் தொடங்கியபின், சிலர் சந்தா கட்டினார்கள். சிலர், இருவருக்கு 24 மணி நேரம் வரை இடங்கொடுக்கும் கூகுள் மீட்டுக்கு மாறினார்கள். அமெரிக்கர்கள் நவம்பர் முதல் ஞாயிற்றுக்கிழமை கடிகாரத்தைத் திருப்பிவைத்தவுடன், சனிக்கிழமை காலை 6 மணி வகுப்பு கலிபோர்னியாக் குழந்தைக்கு வெள்ளி மாலை 5:30-லிருந்து 4:30 ஆகிவிடுவதால், மார்ச் வரையில் இங்கே அதை 7 மணிக்குத் தள்ளிவைக்கிறார்கள். வார நாட்களில் வகுப்பு வைத்திருப்பவர்களின் வீட்டில், அமெரிக்க மேலதிகாரியோடு பிள்ளை பேசும் காலைக் கூட்டமும் அதே காரணத்தால் ஒரு மணி தள்ளிப்போய்விடுகிறது. ஒரே வைஃபையில், கூடத்தில் இரைச்சல் நீக்கத்தை அடைத்துவிட்டு அம்மா வர்ணம் பாட, உள் அறையில் அதைத் திறந்துவைத்துக்கொண்டு பிள்ளை கணக்குச் சொல்கிறார், அங்கே கேட்கிறவர்களுக்கு வர்ணத்தில் ஓர் அட்சரமும் எட்டாமல்.